நியூஜெர்சி அரசுக்கு எதிராக நானும் வைத்தீஸ்வரனும்

செய் என்று யாராவது சொன்னால் செய்யாமல் இருப்பது என் பிறவிக் குணம். மருத்துவ இன்ஷூரன்ஸைக்கூட நானாகவே வாங்கியிருப்பேன். நியூஜெர்சியில் இருப்பவர்கள் எல்லோரும் அதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரியோடு அபராதம் என்று சட்டம் வந்ததுதான் தப்பாகப் போய்விட்டது. என் உடம்பு என் சொந்தச் சொத்து என்ற ஞானம் எனக்கு அன்றுதான் பிறந்தது.

அப்போது வேலையை விட்டுவிட்டு, ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டின் பேஸ்மென்ட்டில் சொந்தமாகக் கன்சல்டிங் ஆரம்பித்திருந்தேன். (கம்பெனியின் சேர்மன், ஊழியர், போன் அடிக்காதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர், மூவரும் நானே.) என் மனைவி சுமதிக்கு அவள் ஆபீஸில் இன்ஷூரன்ஸ் உண்டு. அவளும் மகள் நிலாவும் அதில் இருந்தார்கள். என்னையும் சேர்க்க ஒரு கையெழுத்து போதும்.

"இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் சேர்க்கலாம். விட்டா இன்னும் ஒரு வருஷம். கையெழுத்து போடுங்க," என்றாள்.

"கார் இன்ஷூரன்ஸ் கட்டாயம்னா சரி, வேணாம்னா கார் வாங்காம இருக்கலாம். உடம்பு வாங்காம இருக்க முடியுமா? பொறந்ததுக்கே ஃபைனா?"

"உங்களுக்கு பி.பி. இருக்கு."

"அது என் பர்சனல்."

கார் விஷயத்தில் நான் சொன்னது நல்ல வாதம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வக்கீல்தான் சரியில்லை.

இந்தப் பேச்சுக்கு முன்பே நான் வேறொரு வேலையும் செய்திருந்தேன். மத நம்பிக்கை காரணமாக வைத்தியமே பார்த்துக்கொள்ளாதவர்களுக்கு விலக்கு உண்டு என்று எங்கோ படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தேன். எங்கள் குலதெய்வம் வைத்தீஸ்வரன்! வைத்தியத்தையே தொழிலாக வைத்திருக்கும் சாமி. அவர் இருக்க இன்னொரு டாக்டரிடம் போவது அவரை அவமதிப்பதாகும் என்று மூன்று பக்கம் எழுதி விண்ணப்பித்தேன். (நான் கோவிலுக்குப் போவதே புளியோதரைக்காகத்தான் என்பதை எழுதவில்லை.) பி.பி. மாத்திரையை சுமதியின் அண்ணன் வருடா வருடம் சென்னையிலிருந்து முறுக்குப் பொட்டலங்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவார். இந்தியாவில் வாங்கிய மாத்திரை அமெரிக்காவில் வைத்தியக் கணக்கில் வராது என்பது என் சட்ட அறிவு.

விண்ணப்பத்தின் கடைசியில், 'நீங்கள் விரும்பும் மொழி' என்று கேட்டிருந்தார்கள். இருபது வருடமாக ஆங்கிலத்தில் குப்பை கொட்டுகிறவன் நான். ஆனாலும் தமிழ் என்ற கட்டத்தைப் பார்த்தால் டிக் அடிக்காமல் விடமாட்டேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் எல்லோருமே அப்படித்தான். நாம் அடிக்காவிட்டால் கட்டத்தையே எடுத்துவிடுவார்களாம்.

விசாரணை போனில் நடந்தது. வியாழக்கிழமை காலை, டைனிங் டேபிளில், வீடே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அதிகாரி ஒரு பெண்மணி. கூடவே திருநெல்வேலி ராகத்தில் இன்னொரு பெண் குரல்.

"வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர். இந்த அழைப்பில் யார் எது பேசினாலும் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்ப்பேன்."

எனக்குப் புல்லரித்தது. நியூஜெர்சி அரசாங்கம் என்னிடம் தமிழ் பேசுகிறது! பத்து நிமிடம் மேடைத் தமிழில் பொழிந்தேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த வருடம் ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா என்றார்.

"வைத்தீஸ்வரன் திருவருளன்றி வேறு மருந்து அறியேன்!" என்று முழங்கினேன்.

சமையலறையிலிருந்து சுமதி கத்தினாள். "ஏங்க, பி.பி. மாத்திரை போட்டீங்களா? டப்பால ரெண்டு நாள் மாத்திரை அப்படியே இருக்கு!"

போனைக் கையால் பொத்தினேன். அதற்குள் மொழிபெயர்ப்பாளர் கடமையைச் செய்துவிட்டார். பி.பி., மாத்திரை, டப்பா, இரண்டு நாள், எல்லாம் சுத்தமான ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்தது.

பதற்றத்தில் எனக்கும் ஆங்கிலம் வந்துவிட்டது. "மேடம், தட் இஸ் ஜஸ்ட் மை வைஃப்!"

"மேடம், அது வெறும் என் மனைவிதான்," என்றது ஸ்பீக்கர், வீடு முழுக்கக் கேட்கும்படி.

சுமதி கரண்டியோடு வெளியே வந்தாள். "வெறும் மனைவியா?"

அதையும் அந்த அம்மாள் மொழிபெயர்த்தார்.

சுமதி எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மேடம், இவரு மூணு வருஷமா மாத்திரை சாப்பிடறாரு. போன மாசம் மாடிப்படியில தலை சுத்தி உக்காந்துட்டாரு. ஆம்புலன்ஸ் கூப்பிடாதே, எனக்கு இன்ஷூரன்ஸ் இல்லைன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த ஊர்ல எனக்கு யாரு இருக்கா?"

மொழிபெயர்ப்பாளர்கள் 'அவள்' என்று சொல்வதில்லை, 'நான்' என்றே சொல்வார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. "ஹூ டு ஐ ஹேவ் ஹியர்?" என்று முடித்தார் அந்த அம்மாள். இதையே சுமதி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஒருத்தி சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

விலக்குத் தர வழியில்லை என்று அதிகாரி மெதுவாகச் சொன்னார். சுமதி விடவில்லை.

"நாளைக்குள்ள என் ஆபீஸ் ஃபார்ம்ல கையெழுத்து போடுவீங்களா, மாட்டீங்களா? இந்த மேடம் முன்னாடியே சொல்லுங்க."

தலையாட்டினேன்.

"தலையாட்டறாரு," என்றாள் சுமதி. அதுவும் ஆங்கிலத்தில் போயிற்று. பதிவுக்காக வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று அதிகாரியிடமிருந்து பதில் வந்தது.

"சரி," என்றேன்.

"ஓகே," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

சுமதி கரண்டியை உயர்த்திக்கொண்டு சமையலறைக்குப் போன நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்று மத்தியானம் பாயசம். ஃபார்மில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எனக்கு ஊற்றினாள். இன்ஷூரன்ஸ் வந்த முதல் வாரமே என்னை டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனாள். நான் இத்தனை நாள் சாப்பிட்ட மாத்திரை எனக்குப் போதவே போதாது என்று அவர் மாற்றிக் கொடுத்தார். மாடிப்படி இப்போது சுற்றுவதில்லை.

நான் வீட்டில் எந்தப் புளுகு சொன்னாலும் நிலா காதில் கை வைத்துக்கொண்டு, "திஸ் இஸ் தி இன்டர்பிரிட்டர். ஹி ஏட் ஃபைவ் வடைஸ்," என்பாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுபோகும் எந்த பாட்லக் விருந்துக்குப் போனாலும் சுமதி இந்தக் கதையை எடுத்துவிடுகிறாள். அதிகாரி, மொழிபெயர்ப்பாளர், வைத்தீஸ்வர பக்தன், மூன்று குரலையும் அவளே பேசுவாள். கடைசி வசனத்தை மட்டும் பேசமாட்டாள். கரண்டி இல்லாமலேயே கையை உயர்த்தி நிறுத்திவிடுவாள். தட்டும் கையுமாக நிற்கும் கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்க்கும். தலையாட்டினால் விடமாட்டார்கள்.

"சரி," என்பேன். கைதட்டல் அவளுக்குத்தான்.