நாலாவது ஆணியில் தொங்கிய பில்டர்

தேவிகுளத்திலிருந்து மறையூர் வரை ஓடிய வண்டிகளுக்கெல்லாம், ஆர்.சி. புத்தகத்தில் யார் பேர் இருந்தாலும், நிஜமான முதலாளி பில்டர் அண்ணாச்சிதான். எங்கள் எஸ்டேட் முக்கில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். சொந்தப் பேர் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கடை முகப்பில் மூன்று ஆணி. மூன்றிலும் ஆயில் பில்டர். சாதாக் காகிதம் நூற்றிருபது, கெட்டிக் காகிதம் இருநூற்றைம்பது, கம்பெனிச் சரக்கு நானூறு. "கொறஞ்சதைக் குடுங்க அண்ணாச்சி" என்று கேட்டால் உடனே தரமாட்டார். சாக்குத் துணியில் டீ வடிகட்டி நீட்டுவார்.

"குடிலே. ஒன் எஞ்சின் இதைத்தான் குடிக்கப் போவுது."

ஒரு ஜீப் டிரைவர் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு, இன்னொரு கிளாஸ்?" என்றான். ஒரு வாரம் அவனுக்கு அண்ணாச்சி எதையுமே விற்கவில்லை.

என் வீட்டுக்காரர் பழைய டாக்சி ஓட்டினார். அது நின்றால் எங்கள் அடுப்பும் நின்றுவிடும். ஒரு சீசனில், மறுநாள் மாட்டுப்பட்டி சவாரி இருந்தது. ஆயில் மாற்றிக்கொண்டிருந்தவர், "போயி நூத்திருவது ரூவா பில்டர் வாங்கியா" என்றார். ஆம்பளைகள் நிற்கிற கடையில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். கழற்றிப்போட்ட பில்டரையே, டீ வடிகட்டுகிற துணியைத் துவைப்பது போல, சோப்புப் போட்டு அலசி, கொடியில் காயப்போட்டுக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி சரின்னு சொன்னா மாட்டுதேன்" என்று என்னையே அனுப்பிவிட்டார்!

முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அண்ணாச்சி எடுத்து மோந்து பார்த்தார்.

"சோப்பா தாயி?"

தலையாட்டினேன். நின்றிருந்த டிரைவர்மார் சிரித்த சிரிப்பில் தேயிலைக் காடே குலுங்கியது.

"என்னலே சிரிப்பு? ஒங்கள்ல ஒருத்தனாவது வண்டிக்கு மொகம் கழுவி விட்டிருக்கியளா?" என்று அதட்டினார். பிறகு என்னிடம், "காயிதம் நைஞ்சுபோச்சு தாயி. மாட்டுனா பிஞ்சு எஞ்சினை அடைச்சிரும். வண்டியே போயிரும்" என்றார்.

நானூறு ரூபாய்ச் சரக்கைக் காட்டினேன்.

"அது எதுக்கு? ஒன் வண்டி கெழவன். கெழவனுக்குப் பட்டு வேட்டியா? நடுவுல உள்ளது போதும்."

எனக்குச் சாக்கு டீ தரவில்லை. நல்ல வடிகட்டியில் வடித்து, ஏலக்காயும் தட்டிப்போட்டுத் தந்தார்.

மறுநாள் வண்டி ஒழுங்காக ஏறி இறங்கியது. அடுத்த வாரம் பார்த்தால் கடையில் நாலாவதாக ஒரு ஆணி. அதில் நான் துவைத்த பில்டர்! யார் விலை கேட்டாலும், "அது விக்கிறதுக்கு இல்லலே" என்பாராம்.

போன வருஷம் கடையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மூன்று ஆணிச் சரக்கையும் பாதி விலைக்குத் தள்ளினாராம். நாலாவதை மட்டும் துணிப்பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார் என்று வீட்டுக்காரர் சொன்னார்.

நான் டீ வடிகட்டுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். கலங்கின கண்ணைக் காட்ட வீட்டுக்காரரிடம்கூட எனக்குக் கூச்சம்.