ஒடுக்கத் துறையின் கடப்பாரை

ஒரு காட்டில் தண்ணீர் இல்லை, ராஜா மட்டும் இருந்தார். மான்கள் தோண்டிய கிணறு பாறையில் முட்டி நின்றுவிட்டது. பாறையைப் பிளக்க ஒரு கடப்பாரை வேண்டும். அதுவரை குட்டிகள் காய்ந்த பாசியை நக்கிக்கொண்டு கிடந்தன.

உலோகவியல் படித்த கரடி ஒன்று சிங்க ராஜாவிடம் போய் விளக்கியது. நம் காட்டுச் சிவப்புக் கல்லில் இரும்பும் ஆக்சிஜனும் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கின்றன. கல்லை இடித்து, குழைத்து, கடப்பாரையாகப் பிடித்துச் சூளையில் வைத்தால், கரியிலிருந்து கிளம்பும் வாயு நுண்துளைகள் வழியே உள்ளே புகுந்து ஆக்சிஜனைப் பிரித்துக்கொண்டு வெளியேறும். மிச்சம் இரும்பு. இதற்குப் பெயர் ஒடுக்கம்.

கரடி கரடி விடுவதாக நினைத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ராஜாவுக்குக் கடைசிச் சொல் மட்டும் காதில் விழுந்தது.

"ஒடுக்கமா? அது நம்ம பரம்பரைத் தொழிலாச்சே."

உடனே, போன கோடையில் மான்களின் ஊர்வலத்தை அடக்கிய கழுதைப்புலியைச் சூளைக்கு அதிகாரியாக்கினார். அது ஒரே நாளில் முடித்துக் காட்டுவதாகச் சொல்லித் தீயைக் கண்டபடி ஏற்றியது. கரடி சூளைக்கு ஓடிவந்தது.

"ஐயா, அவசரப்பட்டா மேல்தோல்தான் இரும்பாகும். சூடு மிஞ்சினா துளையெல்லாம் வாயை மூடிக்கும். வாய் மூடிட்டா ஒடுக்கமே நின்னுபோயிடும்."

கழுதைப்புலி சிரித்தது. அதற்கு வேறு முகம் கிடையாது.

"படிச்ச முட்டாளே, வாய் மூடிட்டா ஒடுக்கம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

மாலைக்குள் கடப்பாரை பளபளத்தது. ராஜா நகத்தால் சுரண்டிப் பார்த்து, இரும்பேதான் என்றார். கழுதைப்புலிக்கு மாலை விழுந்தது.

மறுநாள் காட்டெருமை பாறையில் ஓங்கி ஒரு போடு போட்டது. பாறை அப்படியே இருந்தது. கடப்பாரை இரண்டாக ஒடிந்து, உள்ளேயிருந்து செம்மண் கொட்டியது.

"உள்ள எல்லாம் மண்ணுதானா?" என்று ஒரு தாய்மான் கேட்டது. கூட்டம் முழுவதும் வாயைத் திறந்தது. கழுதைப்புலி அந்தப் பக்கம் சும்மா திரும்பிப் பார்த்தது. எல்லா வாயும் மூடிக்கொண்டன.

"வேகத்தைப் பாத்தீங்களா ராஜா?" என்றது கழுதைப்புலி. ராஜா மெச்சி அதை மந்திரியாக்கினார்.

அன்று சாயங்காலம் அந்தத் தாய்மானின் குட்டி செத்துப்போனது. தாகத்தால் அல்ல, வாயைத் திறந்தே வைத்திருந்ததால் என்று புதிய மந்திரி அறிவித்தார். தாய்மான் குட்டியின் வாயை மூடிவிட்டது.

நீதி: மெதுவாக ஒடுக்கினால் இரும்பு கிடைக்கும், வேகமாக ஒடுக்கினால் மந்திரி பதவி கிடைக்கும்.