ஒயின் நிலவறையில் ஒரு பிஷப்

கோல்பா ஆற்றின் இக்கரை,
மார்ட்டின் திருநாளுக்கு முந்தைய வியாழக்கிழமை, 2023

என் பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய பாரிட்சா அக்காவுக்கு, தம்பி யெர்னெய் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி நேஷாவும் வாத்துகளும் நலம். அங்கே நீயும் யோசோ அத்தானும் அவருடைய வலது முழங்காலும் நலமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக எழுதியது, அக்கா. உண்மையில் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து நான் பயத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதும்போதே ஜன்னல் வழியாக அந்தக் கரையில் நீ போர்வை உதறுவது எனக்குத் தெரிகிறது. ஒரு குரல் கொடுத்தால் உனக்குக் கேட்கும். ஆனால் நான் போடுகிற சத்தம் ஸ்லோவேனியா, குரோவேஷியா இரண்டு நாட்டுக்கும் கேட்கும். போனில் சொல்லலாமென்றால் நடுவில் யார் காதை வைத்துக்கொண்டிருக்கிறார்களோ. அதனால்தான் தபால். இது லுப்லியானா போய், அங்கிருந்து சாக்ரெப் போய், ஊரெல்லாம் சுற்றி உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். முடிந்த பிறகு நீ தெரிந்துகொண்டால் போதும் என்பதுதான் என் எண்ணமும்.

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இது வெறும் ஆறு. நீ கல்யாணமாகிப் படகில் அக்கரைக்குப் போனபோது அம்மா அழுதது நீ வேறு ஊருக்குப் போகிறாயே என்றுதான். நீ வேறு நாட்டுக்குப் போகவில்லை. பிறகு ஒருநாள் எழுந்து பார்த்தால் ஆறு நாட்டு எல்லையாகியிருந்தது. அப்புறம் நீங்களும் ஐரோப்பாவில் சேர்ந்தீர்கள், இனி எல்லாரும் ஒரே வீடு என்று டிவியில் சொன்னார்கள், சொன்ன வாய் மூடுவதற்குள் கரை நெடுக முள்கம்பி வேலி போட்டார்கள். கேட்டால் ஐரோப்பாவைக் காப்பாற்ற என்றார்கள். சரி, காப்பாற்றட்டும் என்று நான் அதில் பீன்ஸ் கொடி ஏற்றிவிட்டேன். போன வருடம் அதே ஐரோப்பாவின் பெயரைச் சொல்லி வேலியைப் பிடுங்கினார்கள், என் பீன்ஸையும் சேர்த்து. இந்த ஜனவரியில் பாலத்தில் பேண்டு வாசித்து, தடுப்புக் கட்டையைக் கழற்றி, எல்லையே இல்லை என்று மேயர் கண்ணீர்விட்டார். உங்கள் பக்கம் யூரோ வந்தது, காபி விலையைப் பார்த்து நீ கண்ணீர்விட்டாய். அக்டோபரில் பார்த்தால் அதே பாலத்தில் போலீஸ் கூடாரம்! நம் பழைய பால்காரர் மகன் கோராஸ்த்தான் அங்கே டியூட்டி. "என்னடா இது, எல்லை இல்லேன்னாங்களே?" என்று கேட்டேன். "எல்லை இல்லண்ணே. சோதனை மட்டுந்தான் இருக்கு" என்றான். அவனுக்கே அது புரிந்த மாதிரி தெரியவில்லை.

இதெல்லாம் போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் சாறு எப்படிப் பொங்கியிருக்கிறதென்று பார்க்கத் திராட்சைத் தோட்டத்து நிலவறைக்குப் போனேன். அந்த அறையில் ஏற்கெனவே எனக்கு ஒரு பயம் குடியிருப்பது உனக்குத் தெரியும். மூலையில் இருக்கிற பீப்பாய், நம் அப்பா நட்ட கொடியின் ஒயின், வீட்டில் குடிக்கலாம், விற்கக் கூடாது என்று பிரஸ்ஸல்ஸில் யாரோ முடிவு பண்ணிவிட்ட ஜாதி. நான் அக்கம்பக்கத்தில் கொஞ்சம் கொடுப்பதுண்டு, அவர்களும் சும்மா வாங்கிக்கொள்வதில்லை. அந்தக் கவலையோடு கதவைத் திறந்தால் பீப்பாய்களுக்கு நடுவே ஒரு பிஷப் எழுந்து நிற்கிறார்! சிவப்பு அங்கி, தலையில் கூர்க் கிரீடம், கறுத்த தாடி! எனக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது. புனித மார்ட்டினே கணக்குக் கேட்க வந்துவிட்டார் என்று பொத்தென்று முழங்காலிட்டு, "சாமி, அந்தப் பீப்பாயை நான் இனிமே விக்கவே மாட்டேன் சாமி!" என்று கதறிவிட்டேன். அவர் இரண்டு கையையும் தூக்கினார். ஆசீர்வதிக்கிறார் என்று நினைத்தேன். அப்புறந்தான் கவனித்தேன், அந்தக் கைகள் என்னைவிட மோசமாக உதறிக்கொண்டிருந்தன. சுட்டுவிடாதே என்று கையைத் தூக்கியிருக்கிறான் அந்த மனிதன்.

அங்கியும் கிரீடமும் என்னுடையவை, அக்கா. வருடா வருடம் திருநாளில் நான் பிஷப் வேஷம் கட்டி, வாயில் வந்த லத்தீனை உளறி, சாற்றை ஆசீர்வதித்து ஒயின் ஆக்குவேனே, அந்தச் செட்டு. ஆணியில் தொங்கியதைக் குளிருக்கு எடுத்துப் போட்டிருக்கிறான். கிரீடம் வெறும் அட்டை, அதையும் விடவில்லை. ஆற்றில் இறங்கி வந்தவன், ஒரு காலில் செருப்பில்லை, கணுக்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. நேஷா ஜெர்மனியில் வேலை பார்த்தபோது கற்ற பாஷையில் கேட்டாள், அவனுக்கும் அதில் நாலு வார்த்தை தெரிந்திருந்தது. பெயர் ஸல்மாய். காபூலில் பஸ் ஓட்டியவன். இங்கே தஞ்சம் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும், அதற்குள் பிடித்தால் மனுவை வாங்காமலே ஆற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம். வருகிற வழியில் எந்தெந்த எல்லையிலோ அப்படித் தள்ளியிருக்கிறார்களாம்.

"கோராஸ்த்கிட்ட சொல்லிடலாம்" என்றேன். நேஷா சூப்பைக் கலக்கிக்கொண்டே, "சொல்லு, சொல்லு. முதல்ல லுப்லியானாவுல தஞ்சம் கேக்கறவங்களுக்கு உதவற வக்கீல் அம்மா இருக்காங்களே, அவங்களுக்கு நான் சொல்லியாச்சு. திங்கக்கிழமை வந்து கூட்டிட்டுப் போய் முறைப்படி மனுப் போடுவாங்க. அதுவரைக்கும் இங்கதான் இருப்பான்" என்றாள். "திங்கக்கிழமை வரைக்குமா? அந்த அங்கியையாவது வாங்கு, சனிக்கிழமை எனக்கு வேணும்" என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கரண்டியை வைத்தால் என்ன அர்த்தமென்று உனக்குத் தெரியும். "ஏன்யா, அந்தப் புனிதர் குளிர்ல கிடந்த பிச்சைக்காரனுக்குத் தன் அங்கியைப் பாதியா வெட்டிக் குடுத்தாரு. அவர் பேரைச் சொல்லி இத்தனை வருஷமா வேஷம் கட்டித் தின்னு குடிச்ச. இப்ப ஒருத்தன் நிஜமாவே குளிர்ல வந்து நிக்கறான், அவிழ்த்துக் குடுடாங்கறியா?" என்றாள். நான் வாத்துக்குத் தீனி வைக்கப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஜீப் சத்தம் கேட்டால் வாத்துக் கூண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன், தபால்காரர் சைக்கிள் மணிக்கும் அப்படியே. ஆள் கடத்துகிறவன் என்று என்னைப் பிடித்து, பேப்பரில் போட்டோ போட்டு, தோட்டத்து மானியத்தை நிறுத்தி, சோதனை போடும்போது மூலைப் பீப்பாயையும் கண்டுபிடித்து, அதற்குத் தனிக் கேஸ் போட்டால் நான் எங்கே போவேன், யார் ஜாமீன் கொடுப்பார்கள், அத்தான் கொடுப்பாரா? முழங்காலைத் தடவிக்கொண்டு யோசிப்பார். இவன் பன்றி தின்ன மாட்டான் என்று நேஷா வீட்டில் தொத்திறைச்சியையே நிறுத்திவிட்டாள். மூன்று வேளையும் பீன்ஸ். முதல் நாள் அவனுக்குப் பயந்து நிலவறைக் கதவை வெளியே தாழிடப் போனேன், உள்ளேயிருந்து ஏற்கெனவே தாழிட்டிருந்தது. எனக்குப் பயந்து, அக்கா! என்னைப் பார்த்து! நம் வீட்டு வாத்து ஒன்றுகூட இந்த வயதுவரை என்னைப் பார்த்துப் பயந்ததில்லை. மனிதன் எவ்வளவு அடிபட்டிருந்தால் என்னைப் பார்த்துப் பயப்படுவான் என்று யோசித்தேன். யோசித்ததில் இன்னும் பயம் அதிகமாகிவிட்டது.

ஆகவே தீர யோசித்து முடிவு எடுத்துவிட்டேன். சனிக்கிழமை விருந்துக்கு வழக்கம்போலக் கோராஸ்த் வருவான். அவன் வாத்துக்காலில் வாய் வைத்ததும் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். சட்டம் சட்டந்தான், இரக்கம் பார்க்கிற வயது எனக்குப் போய்விட்டது. இது என் கடைசி முடிவு. நீ இந்த வருடம் விருந்துக்கு வராதே, இந்த விவகாரத்தில் உனக்கு எந்தச் சம்பந்தமும் வேண்டாம். படித்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் முழங்காலுக்கு வாத்துக் கொழுப்புத் தடவச் சொல்லவும். புனித மார்ட்டின் உங்கள் வீட்டுப் பீப்பாயையும் வயிற்றையும் நிறைத்து வைக்கட்டும்.

இப்படிக்கு,
உறுதியான மனம் படைத்த உன் தம்பி,
யெர்னெய்

பி.கு.: இன்று ஞாயிறு, விடிந்துவிட்டது. இதைத் தபாலில் போடவில்லை, நேஷாவே படகில் கொண்டு வருகிறாள். மேலே கடைசி முடிவு என்று எழுதியதை மட்டும் நம்பாதே.

நேற்று விருந்தாளிகள் வருவதற்கு முன்பே கோராஸ்த் யூனிபார்மோடு வந்துவிட்டான். ஸல்மாய் அங்கியைப் போர்த்திக்கொண்டு நிலவறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். ஜீப் சத்தம் கேட்டதும் நேஷா ஒரே எட்டில் கிரீடத்தை எடுத்து அவன் தலையில் கவிழ்த்தாள். கோராஸ்த் உள்ளே வந்து, "என்னண்ணே, இந்த வருஷம் பிஷப்பை மாத்திட்டீங்களா? யாரு இது?" என்றான்.

நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அக்கா. வாயையும் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஸல்மாய் இரண்டு கையையும் தூக்க ஆரம்பித்தான், அன்றைக்கு என்னைப் பார்த்துத் தூக்கினானே, அதே மாதிரி. என் வாய், "என் அக்கா பையன். அந்தக் கரையிலேர்ந்து வந்திருக்கான்" என்றது. நான் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது.

"அப்படியா! அப்ப ஆசீர்வாதம் பண்ணட்டும்" என்று கோராஸ்த் மூலைப் பீப்பாயிலிருந்தே ஒரு தம்ளர் பிடித்து நீட்டினான். எனக்கு எதற்கு முதலில் பயப்படுவதென்று தெரியவில்லை. கைகள்தான் ஏற்கெனவே மேலே இருக்கின்றனவே, ஸல்மாய் கண்ணை மூடித் தன் பாஷையில் சொல்ல ஆரம்பித்தான். நிறையச் சொன்னான். என்ன கேட்டானோ, யாருக்காகக் கேட்டானோ, குரல் உடைந்து உடைந்து வந்தது. நேஷா இடுப்பில் கட்டிய சமையல் துணியால் மூக்கைத் துடைத்தாள். கோராஸ்த் சிலுவை போட்டுக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க லத்தீனுக்கு இந்த லத்தீன் எவ்வளவோ தேவலை" என்றான்.

வாசல்வரை போனவன் திரும்பி நின்றான். "பாரிட்சா அக்காவுக்கு ஒரு பையன் இருக்கறது இவ்வளவு நாளா எனக்குத் தெரியாமப் போச்சே. நாளைக்கு மத்தியானம் வர்றேன். பெத்தவங்களையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டேன்னா அப்புறம் நான் ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல" என்றான். தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா, அவன் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. முகத்தைப் பார்க்கிற தைரியமும் எனக்கு இல்லை.

ஆகவே அக்கா, உனக்கு நேற்று ஒரு மகன் பிறந்திருக்கிறான். தாடியோடு. நீயும் அத்தானும் ஒரு பிள்ளைக்காக எந்தெந்தக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினீர்கள் என்று எனக்குத் தெரியும், நான் விளையாட்டுக்கு இதைச் சொல்லவில்லை. பயத்தில் என் வாயில் உன் பெயர் ஒன்றுதான் வந்தது. சின்ன வயதில் இருட்டைப் பார்த்தாலும் உன்னைத்தானே கூப்பிடுவேன். திங்கட்கிழமை வக்கீல் அம்மா வருகிறவரை அவனுக்கு நீ தாயாக இரு. அதற்குப் பிறகு உன் இஷ்டம்.

மத்தியானத்துக்குள் அத்தானையும் கூட்டிக்கொண்டு படகேறி வந்துவிடு. அத்தானின் பெரிய கம்பளிச் சட்டையும் ஒரு ஜோடி பூட்ஸும் கொண்டு வா, அந்த அங்கி குளிர் தாங்காது. வாசலில் நுழைந்ததுமே அவனை நன்றாகத் திட்டு: ஏண்டா இப்படி இளைச்சுப் போயிட்டே, ஏண்டா ஒரு போன்கூடப் பண்ணலேன்னு. பெற்றவள் திட்டவில்லையென்றால் கோராஸ்த் நம்பமாட்டான்.