பெட்டிக்காரரும் பீரோ சாவியும்

உலகத்தில் மீன் பிடிக்கிறவர்கள் உண்டு, மீன் சாப்பிடுகிறவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல், மீன் பிடிக்கச் சாமான் வாங்குகிறவர் என்று மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். விடுமுறை நாளில் எல்லோருக்கும் முன்னால் ஏரிக்கரைக்கு வந்து, எல்லோருக்கும் பின்னால் வீட்டுக்குக் கிளம்புவார். கையில் தூண்டில் ராட் இருக்கும், தலையில் தொப்பி இருக்கும், சட்டையில் பதினோரு பை இருக்கும், காலடியில் தச்சர் தூக்கி வருகிற அளவுக்கு ஒரு பெட்டி இருக்கும். மீன் மட்டும் இருக்காது.

நம்முடைய ஆளுக்கு ஏரிக்கரையில் பெட்டிக்காரர் என்று பெயர். பெட்டிக்குள் எழுபத்திரண்டு லூர். லூர் என்றால் வேறொன்றுமில்லை, புழுவுக்குப் பதிலாகத் தூண்டிலில் மாட்டுகிற பொய்மீன்தான். விரல் நீளத்துக்குச் செய்து, கண் வைத்து, பெயிண்ட் அடித்து, வயிற்றுக்குக் கீழே முள்ளைத் தொங்கவிட்டிருப்பார்கள். நிஜ மீன் அதைப் பார்த்துச் சாப்பாடு என்று நம்பி வாயைத் திறக்க வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். ஆனால் பெட்டிக்காரரிடம் போய் "இந்தப் பச்சை நல்லா இருக்கே" என்று சொல்லிவிடாதீர்கள். பச்சையா? அது 'விடியற்காலைத் தவளை'. பக்கத்தில் இருப்பது 'மழைக்கு முந்தின தவளை'. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை அவர் முக்கால் மணி நேரம் விளக்குவார். கலங்கின தண்ணீருக்கு ஒன்று, தெளிந்த தண்ணீருக்கு ஒன்று, மேகம் சூரியனைப் பாதி மறைத்தால் ஒன்று, முழுக்க மறைத்தால் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறார். 'கிடைத்த மீன்' என்ற கட்டம் மட்டும் இரண்டு வருஷமாகப் புத்தம் புதுசாக இருக்கிறது.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? மனிதர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அந்தக் கடைக்குள் நிற்கும்போது அவரைப் போல ஒரு விவரமான ஆளைப் பார்க்க முடியாது. "டாக்டர் எழுதினது சிவப்பு மாத்திரையாச்சே, நீங்க வெள்ளையைத் தர்றீங்களே" என்று யாராவது இழுத்தால், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிப்பார். "கலர்ல என்னம்மா இருக்கு? உள்ள இருக்கிற மருந்து ஒண்ணுதான். பேருக்கும் அட்டைக்கும் எதுக்குக் காசைக் கொட்டுறீங்க?" வந்தவர்கள் வாழ்த்திவிட்டுப் போவார்கள். சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு, இவர் நேரே எழுபத்து மூன்றாவது லூரைப் பார்க்கப் போவார்.

அவருடைய வீட்டுக்காரம்மா தையல்காரி. அதனால்தான் வீட்டில் சண்டை. வீட்டில் உபரியாக இருக்கும் ஒரே சின்ன அறையில் அவருடைய பெட்டிகளும் ராடுகளும் வலைகளும் சொகுசாகக் குடியிருக்க, தையல் மிஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் வழியிலேயே நின்றது. அளவு கொடுக்க வருகிற பெண்கள் ஃப்ரிட்ஜில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். தண்ணீர் குடிக்க யாராவது வந்தால் அளவு தப்பிப்போகும். போன வாரம் ஒரு பெண் ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லக்கா, நான் வேற இடத்துல கொடுத்துக்கிறேன்" என்று துணியைத் திரும்ப வாங்கிப் போனாள். பன்னிரண்டு வருஷ வாடிக்கை. அன்று ராத்திரி வீட்டுக்காரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை, கையில் ஊசியோடு சொன்னாள்.

"என்னங்க, இந்த ஞாயித்துக்கிழமை நானும் ஏரிக்கு வரேன். மத்தியானத்துக்குள்ள நீங்க ஒரு மீன் பிடிச்சுட்டா, ரூம் உங்களுக்கே. நான் வாயே திறக்க மாட்டேன். நான் பிடிச்சா என் மிஷின் உள்ள வரும்."

"ரெண்டு பேருமே பிடிக்கலைன்னா?"

"அது எப்பவும் நடக்கறதுதானே. நான் வழியிலயே தைச்சுக்கிறேன்."

பெட்டிக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பெருந்தன்மையாக, "என் பெட்டியில இருந்து ஒரு லூர் எடுத்துக்கோ" என்றார். "வேணாம், என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்று அவள் பீரோ சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினாள். அதில் தொங்கியது, அவர் முதன்முதலில் ராட் வாங்கியபோது கடையில் இலவசமாகக் கொடுத்த லூர். "இது லூர் இல்லை, பொம்மை" என்று அவரே முள்ளைக் கழற்றிவிட்டுத் தூக்கிப் போட்டதை அவள் எடுத்துச் சாவியில் கோத்திருந்தாள். அஞ்சு வருஷம் கைப்பையில் கத்தரிக்கோலோடும் சில்லறையோடும் உருண்டு உருண்டு, பெயிண்ட் மொத்தமும் போய், கண்கூட அழிந்து, மொழுமொழுவென்று கிடந்தது. தையல் பெட்டியிலிருந்த குறடால் அவளே அதில் ஒரு முள்ளை மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெட்டிக்காரர் வானத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். 'விடியற்காலைத் தவளை'யை மாட்டி இரண்டு தரம் வீசினார். ஒரு மேகம் நகர்ந்தது. உடனே இழுத்து, கழற்றி, துடைத்து, பெட்டியில் அதற்குரிய இடத்தில் படுக்கவைத்து, 'கோபக்கார ஆரஞ்சை' எடுத்தார். மேகம் திரும்பி வந்தது. 'பேய்வெள்ளை'. காற்றடித்தது. 'நடுமதியக் கத்தரி'. மத்தியானம் ஆவதற்குள் பத்தொன்பது லூர் மாற்றிவிட்டார். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவருடைய தூண்டில் தண்ணீரில் இருந்தது இருபது நிமிஷம் இருக்கலாம். மீதி நேரமெல்லாம் லூர் அவர் விரல்களுக்கு நடுவில்தான் நீந்திக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரம்மாவிடம் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. வீசினாள், சுற்றினாள், வீசினாள், சுற்றினாள். முதல் நாலு தரம் தூண்டில் நரம்பு சிக்கிக்கொண்டது. நூல் சிக்கை எடுப்பது அவளுக்குப் புதுசா என்ன? பதினொன்றே முக்காலுக்கு ராட் வளைந்தது. "என்னங்க, இது மாட்டிக்கிச்சு, இழுக்குதுங்க!" என்று அவள் கத்த, பெட்டிக்காரர் கையிலிருந்த லூரைப் போட்டுவிட்டு வலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி ஓடினார். தன் அறை கைவிட்டுப் போகிறது என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகமே இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும், மனிதர் நல்லவர்.

முழங்கை நீளத்துக்கு மீன். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பிளம்பர் ஓடி வந்தார்.

"என்ன கலர்க்கா?"

"கலரே இல்ல தம்பி. எல்லாம் போயிடுச்சு."

பிளம்பர் பெரிய ரகசியம் கேட்டவர் போல மெல்லத் தலையாட்டிக்கொண்டு போனார்.

பெட்டிக்காரருக்கு மீன் கரைக்கு வந்த பிறகுதான் அறை ஞாபகம் வந்தது. ஆனால் சொன்ன சொல் தவறவில்லை. அன்று சாயங்காலமே பெட்டிகளை வெளியே எடுத்து, மிஷினை அவரே தூக்கி உள்ளே வைத்தார். ஜன்னல் வெளிச்சம் நேராக ஊசி மேல் விழுந்தது. அந்த அம்மாள் முதல் வேலையாகப் பழைய வாடிக்கைக்குப் போன் செய்து, "இப்ப ஃப்ரிட்ஜ் இல்ல, தாராளமா வாம்மா" என்றாள்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் காலை, வழியிலிருந்து சர் சர் என்று ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். முன்பு மிஷின் நின்ற இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டிக்காரர் உப்புத்தாளால் 'விடியற்காலைத் தவளை'யைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"பெயிண்ட்டை எடுக்கிறேன். இத்தனை நாள் எனக்குப் புரியலை பாரு. மீனுக்குக் கலரே ஆகாது."

"அய்யோ, நான் காலைலேருந்து தண்ணியிலேயே போட்டுக்கிட்டிருந்தேங்க. அதான் மாட்டுச்சு. உங்க மாத்திரைக்குச் சொல்லுவீங்களே, அதேதான் இதுக்கும்."

"மாத்திரை வேற, இது வேற" என்றார் பெட்டிக்காரர். எல்லாப் பெட்டிக்காரர்களும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அதுதான்.

உப்புத்தாளும் சரிப்படவில்லை. தானாகத் தேய வேண்டுமாம். இப்போது அந்த வீட்டில் வாசல் சாவி, வண்டிச் சாவி, கடை ஷட்டர் சாவி, எல்லாவற்றிலும் முள் கழற்றின ஒரு லூர் தொங்குகிறது. ஏரிக்கரையில் பிளம்பரின் சாவியிலும் ஒன்று தொங்குவதாகக் கேள்வி. சரி, தேய்கிற வரைக்கும் அந்தப் பீரோ சாவி லூரைக் கொடு என்று பெட்டிக்காரர் கேட்டபோது, நியாயமெல்லாம் பேசின வீட்டுக்காரம்மா என்ன சொன்னாள் தெரியுமா? கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அது மட்டும் முடியாதுங்க. அது ராசியான லூர்."

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களுக்கு மீனும் பிடிக்காது, ஏரிப் பக்கமே போனதில்லை, இந்த இனத்துக்கும் உங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு கேள்வி, பொய் சொல்லாமல் பதில் சொல்லுங்கள். அந்த அம்மாளின் லூர் காலை முழுக்கத் தண்ணீரில் இருந்தது என்று நான் தெளிவாகத்தான் சொன்னேன். அப்புறமும், படித்துக்கொண்டு வரும்போது எங்கேயாவது ஓரிடத்தில், 'ஒருவேளை பெயிண்ட் போன லூர்தான் நல்லதோ?' என்று உங்களுக்கு ஒரு நொடி தோன்றவில்லை?

தோன்றியிருந்தால், மெதுவாக வாயை மூடிக்கொள்ளுங்கள். முள் இன்னும் ஆழமாக இறங்கவில்லை.