மொட்டைமாடியார் பார்த்த மெட்ராஸ்

மெட்ராஸை மெட்ராஸ்காரர்களைவிட அதிகமாகப் பார்த்த ஒரே காரைக்கால்காரர் எங்கள் மொட்டைமாடியார்தான். மேலேயிருந்து பார்த்தார். ஓசியிலும் பார்த்தார். ஒரு காப்பிக் காசுக்கு மேல் செலவு வைக்கிற காட்சி எதுவும் அவரைப் பொறுத்தவரை காட்சியே இல்லை.

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் கிளார்க்காகச் சேர்ந்தபோது அவர் அங்கே ஹெட் கிளார்க். நல்ல குள்ளம். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் பியூன், "அப்புடி யாரும் இங்க இல்லீங்களே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

எங்கள் பக்கத்தில் மேடு என்றால் வாய்க்கால் கரை; மலை என்றால் களத்தில் கிடக்கும் வைக்கோல் போர். பிறந்ததிலிருந்து தரை மட்டத்திலேயே வாழ்ந்த மனிதருக்கு உயரத்தின் மேல் ஆசை வந்ததில் தப்பு சொல்ல முடியாது. போதாக்குறைக்குக் காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் அவர் குடியிருந்தது ஓட்டு வீடு. அவர் மனைவி வரிச்சிக்குடிக்காரர், வெடுக்கென்று பேசுவார். "ஊரு ஊரா மாடி ஏறுறாரு. நம்ம வூட்டு பரண்ல ஏறி ஒரு அண்டாவ எடுத்துத் தாங்கன்னா முழங்கால் வலிங்கிறாரு" என்று என்னிடமே முறையிட்டிருக்கிறார்.

காரைக்காலில் சர்க்கார் வேலை என்றால் பாதி உத்தியோகம் பாண்டிச்சேரி பஸ்ஸில்தான். எந்த ஃபைலுக்கும் அங்கே போய்த்தான் கையெழுத்து வாங்க வேண்டும். நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடை தேடுவோம். அவர் அண்ணாந்து பார்ப்பார்.

"தம்பி, புது ஊருக்குப் போனா எந்த மாடியில துணி காயுதுன்னு பாரு. துணி காஞ்சா படி இருக்கு. படி இருந்தா வழி இருக்கு."

"கலங்கரை விளக்கத்துல டிக்கெட் வாங்கி ஏறலாமேண்ணே?"

"காசு குடுத்துப் பாத்தா பாதிக் கண்ணு காசு மேலயே இருக்கும் தம்பி."

லாட்ஜ் என்றால் மேல்மாடி அறையில் காற்று வருகிறதா என்று பார்க்கப் போவார். ஜவுளிக்கடை என்றால், சேலையின் நிறத்தை வெயிலில் பார்க்க வேண்டும் என்று சொல்லி, கடைப்பையனையும் சேலையையும் மொட்டைமாடிக்கே கூட்டிப்போவார். தஞ்சாவூரில் ஒருமுறை ஊரைப் பார்ப்பதற்காக ஆஸ்பத்திரி மேல் வார்டுக்கு ஏறி, ஒப்புக்கு யாரோ ஒரு கிழவரிடம் சாத்துக்குடி கொடுத்து நலம் விசாரித்திருக்கிறார். கிழவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கும் வருவியா?" என்று கேட்டுவிட்டார். மறுநாளும் போய்விட்டு வந்தார் மனுஷன். ஆபீசுக்கு லீவு சொன்னது வயிற்றுவலி என்று.

அவருடைய தலையாய வித்தை 'வீடு வாடகைக்கு' போர்டுதான். வாடகைக்கு வருகிறவர் மாதிரி உள்ளே போய், கிணற்றை எட்டிப் பார்த்து, குழாயைத் திருகி, கடைசியில் மாடியேறி ஊரைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, ஏதாவது ஒரு குறை சொல்லிக் கௌரவமாக இறங்கிவிடுவார்.

இந்த வித்தைதான் அவர் மகள் கல்யாணத்துக்கே வேட்டு வைக்கப் பார்த்தது.

மெட்ராஸில் திருவல்லிக்கேணியில் ஒரு வரன். பூர்வீகம் மாயவரம் பக்கம், தங்கமான குடும்பம் என்றார் தரகர். முன்பே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. "இதுவாவது கூடி வரணும் தம்பி" என்று பஸ்ஸில் அவர் பத்து மைலுக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வீடு பார்க்க அவருக்குத் துணையாக நான். ஊர் பார்ப்பதற்கென்று ஒரு நாள் முன்னதாகவே புறப்பட்டிருந்தோம்.

அன்று சாயங்காலம் ஒரு சந்தில் போர்டு தொங்கியது. இவர் கால் தானாக நின்றது. வீட்டுக்கார அம்மாள் வாடகைக்கு விடுகிற அறையையும், தங்களோடு சேர்ந்து புழங்க வேண்டிய சமையல்கட்டையும் பொறுமையாகக் காட்டினார். மாடியில் ஏறியதும் எனக்கே மூச்சு நின்றது. கிழக்கே ஓட்டுக் கூரைகளுக்கு மேல் நீளமாகக் கடல். தெற்கே கோயில் கோபுரம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் மெட்ராஸ். இருட்டுகிற வரை அவர் அசையவில்லை. அந்த அம்மாள் இரண்டு தடவை கனைத்த பிறகுதான் இறங்கினார். இறங்கி, வழக்கம்போலக் குறையை எடுத்துவிட்டார்.

"சமையக்கட்டு ஒரே இருட்டுங்க. இதுல எம் பொண்ணு சமைச்சா கண்ணு கெட்டுடும். நமக்கு ஒத்து வராதுங்க."

மறுநாள் தரகர் எங்களைப் பெரிய தெரு வழியாக மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போனார். திருவல்லிக்கேணியில் சில வீடுகளுக்கு வாசல் ஒரு தெருவிலும் கொல்லை இன்னொரு சந்திலும் இருக்கும் என்பது காரைக்கால்காரர்களுக்கு எப்படித் தெரியும்? கூடத்தில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் அப்பா உபசரித்துப் பேசினார். மாப்பிள்ளையின் அம்மா காப்பித் தட்டோடு வந்தார். வந்தவர் அப்படியே நின்றார்.

"நீங்க நேத்து வீடு பாக்க வந்தவர்தானே? என் சமையக்கட்டுல ஒங்க பொண்ணுக்குக் கண்ணு கெட்டுடும்னு சொன்னீங்களே?"

நான் முந்திக்கொண்டேன். "அது இவரு தம்பிங்க. அச்சு அசலா இவரு மாதிரியே இருப்பாரு."

"நீங்களும் கூட இருந்தீங்களே. ஒங்களுக்கும் ஒரு தம்பியா?" என்றார் அந்த அம்மாள்.

தரகர் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். மொட்டைமாடியார் எழுந்து நின்று கும்பிட்டார்.

"நான்தாங்க. வீடு கேக்க வரலீங்க. மாடியேறிப் பாக்க வந்தேன்."

"மாடியில என்னங்க இருக்கு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஊரு இருக்குங்க. எங்க பக்கம் மேடே கெடையாது. அதனால எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு இதே கிறுக்கு. எம் பொண்ணு கடக்கரையிலேயே வளந்தவ. நேத்து ஒங்க மாடியில நின்னப்ப, இப்புடிக் கடல் தெரியிற வூட்டுல அவளக் குடுத்தா தேவலன்னு நெனச்சேன். இது ஒங்க வூடுன்னு சத்தியமா தெரியாதுங்க."

"அப்புறம் ஏன் குறை சொன்னீங்க?" என்று அந்த அம்மாள் விடவில்லை.

"நல்லா இருக்குன்னு சொன்னா அட்வான்ஸ் கேப்பீங்களே!"

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அப்பாதான். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கணவர் பக்கம் திரும்பினார். "சிரிக்காதீங்க. கட்டிக்கிட்டு வந்த நாளா சமையக்கட்டு இருட்டா இருக்குன்னு நான் சொல்றேன், காதுல போட்டுக்கல. காரைக்கால்லேருந்து ஒருத்தர் வந்து சொல்ல வேண்டியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே முதல் டம்ளர் காப்பியை மொட்டைமாடியாருக்கு நீட்டினார். கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தத்துக்கு முன்பே சமையலறைச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்துவிட்டார்கள்.

கல்யாணம் காரைக்காலில் தடபுடலாக நடந்தது. பெண்ணைக் கொண்டுபோய் விட மெட்ராஸுக்கு நாங்களும் போனோம். சாப்பாடு முடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். அவர் மனைவி, "வேற எங்க இருப்பாரு, மேல போய்ப் பாருங்க தம்பி" என்றார்.

மொட்டைமாடியில்தான் இருந்தார். சுற்றிலும் மொத்த மெட்ராஸும் கிடந்தது. கடல் அன்றைக்குப் பளபளவென்று இருந்தது. அவரோ எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் குதிகாலை உயர்த்திச் சாய்ந்து, கீழே முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவர் மகள் மாமியாரோடு சேர்ந்து ஏதோ சொல்லிச் சிரித்தபடி ஈரத்துணி உதறிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, கடல் அந்தப் பக்கம்ல இருக்கு?" என்றேன்.

"அது எங்கயும் போயிடாது தம்பி" என்றார், திரும்பாமலே.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கீழேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவரை இறங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.