கயாவில் மாங்கனி கேட்ட படலம்

“எங்கம்மாவோட மாம்பழத்தைத் திருப்பிக் குடுங்க.”

வாழ்க அந்த நாவு. ஆரா நகரத்து அரிசி மில் தெருவில் பிறந்து, தன் குலத்தில் எவரும் எட்டிப் பார்த்திராத கல்லூரிப் படியை முதன்முதலாக மிதித்து, விலங்கியலில் பட்டமும் அதனினும் கூரிய கோபமும் ஒருங்கே பெற்று மீண்டவள், செருப்பைக் கழற்றினாலும் செருக்கைக் கழற்றாத சேயிழை, ரிம்ஜிம் குமாரியின் திருநாவு நீடு வாழ்க. அன்னவள் கயா மாநகரில், அழியா ஆலமரத்தடியில், ஆனி வெயில் கொல்லனுலையென எரிந்த ஒரு நண்பகலில், குலத்தோர் கூடியிருக்கக் கோரிய கோரிக்கையையும் அதன் பொருட்டு மூண்ட பெரும்போரையும் பாடப் புகுகிறோம். கேட்கப் பொறுமையில்லாதவர் அப்பால் போய்ப் பிண்டத்துக்கு மாவு பிசையலாம்.

இந்த ஒன்றை மட்டும் கேட்கக்கூடாது என்று ரயிலிலேயே அவளுக்கு ஆணை பிறந்திருந்தது. பிறப்பித்தவர் தந்தை ரமாகாந்த். பூரிப் பொட்டலத்தைப் பிரித்த கையோடு அவர் மொழிந்தார்: “இத பாரு, தாத்தாவுக்குப் பிண்டம் போடப் போறோம். அங்க வந்து அந்த மாம்பழப் பேச்சை எடுத்தே, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்.” மகள் மாங்காய் ஊறுகாயைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், வாக்கு எதுவும் தரவில்லை. எதிரே அவள் தாய் தேவந்தி வெறும் பூரியைத் தின்றுகொண்டிருந்தாள்.

போரின் மூலம் யாதெனின், கயாவில் முன்னோர்க்குப் பிண்டமிட்டவர் ஆலமரத்தடியில் நின்று, தமக்கு மிக உகந்த உணவொன்றை ஆயுளுக்கும் துறப்பது மரபு. அம்மரபை அக்குலத்து ஆடவர் காத்த அழகை என்னென்று புகல்வது. இப்போது காலமாகிப் பிண்டம் பெறுகிற பாட்டனார் தம் காலத்தில் சுரைக்காயைத் துறந்தார். அதற்கு முன் அவர் சுரைக்காயைத் தொட்டதாக வரலாறு இல்லை. மூத்த மகன் உமாசங்கர் துறந்தது பாகற்காய். பிள்ளைப் பருவத்திலேயே அதன் வாடைக்கு வாந்தியெடுத்த பெருந்தகை அவர். இளையவர் ரமாகாந்த் துறந்தது கோவைக்காய். அன்று முதல் தட்டில் ஒரு துண்டு தவறி விழுந்தாலும் “என் விரதத்தைக் கெடுக்கப் பாக்குறீங்களா” என்று வீடு அதிர முழங்கும் உரிமையையும் அவர் சேர்த்தே பெற்றார். அந்த வரிசையின் கடைசியில், பாதத்தில் கல்யாணச் சாயம் இன்னும் மங்காத புது மருமகளாக நின்றிருந்தாள் தேவந்தி. அவள் வாய் திறக்குமுன் மாமனார் திறந்தார்: “மருமகளுக்கு மாம்பழம்னா உசிருன்னு சம்பந்தி வீட்டுல சொன்னாங்க. அதையே விட்டுடட்டும்.”

விட்டாள். அன்று தொட்டு, கூடை கூடையாக மால்தா மாம்பழம் வந்திறங்கும் ஆனிதோறும், வாளி நீரில் ஊறவைத்து, சீவி, கதுப்பை ஆண்களுக்கும் கொட்டையைப் பிள்ளைகளுக்கும் பங்கிட்டு, மணிக்கட்டுவரை வழிந்த சாற்றை நக்காமல் சோப்புப் போட்டுக் கழுவிய கைகள் அவளுடையவை. அனல்காற்றில் ஊரே மாங்காய்ப் பானகம் குடிக்கையில் வெந்து வந்த குழாய்த் தண்ணீரைக் குடித்த தொண்டை அவளுடையது. இதையெல்லாம் கொட்டையைச் சப்பியபடி பார்த்து வளர்ந்தவள் ரிம்ஜிம்.

இனிக் களம் புகுவோம். அன்று காலை பல்கு ஆற்றின் மணலைக் கையால் தோண்டி, ஊறிய நீரில் நனைந்து, வாற்கோதுமை மாவைப் பிசைந்து உருட்டிப் பாட்டனாரைக் கரையேற்றிவிட்டு, கடைசிச் சடங்குக்காக எல்லாரும் ஆலடி சேர்ந்திருந்தனர். முன்னொரு காலம் ஒருத்தி இட்ட பிண்டத்துக்கு ஆறும் பசுவும் பொய்ச்சாட்சி சொல்ல, ஆமாம், இவள் இட்டாள், நான் பார்த்தேன் என்று உண்மை சொன்ன மரமாம் அது. பொய் சொன்ன ஆறு இன்றும் நீரை மணலுக்கடியில் ஒளித்துக்கொண்டு ஓடுகிறது. அம்மரத்தின்கீழ், தொந்தியெனும் பொன்மலைமேல் பூணூலெனும் அருவி புரள, மூங்கில் விசிறியைச் செங்கோலெனப் பற்றி வீற்றிருந்தார் தீர்த்தப் புரோகிதராகிய பண்டா கோகுல் லால். அக்குலத்தின் தலைமுறை தலைமுறையான பழங்களையும் காய்களையும் வாங்கி விஷ்ணுவிடம் ஒப்படைத்த பரம்பரை அவருடையது. “சரி, ஒவ்வொருத்தரா வந்து ஒண்ணை விடுங்க,” என்று அவர் திருவாய் மலர்ந்த கணத்தில்தான், வரிசையை உடைத்து முன்வந்து, முதலில் சொன்ன அந்தக் கணையைத் தொடுத்தாள் ரிம்ஜிம்.

பிண்டம் கொத்த வந்த காகம் கொத்த மறந்தது. பக்கத்துக் குடும்பத்துப் புரோகிதர் மந்திரத்தை நடுவில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ரமாகாந்த் மனுஷனாக இருப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார்.

“பாப்பா,” என்றார் பண்டா, விசிறியை நிறுத்தாமல், “இது என்ன ரயிலடி லக்கேஜ் ரூமா? வச்சுட்டுப் போய்த் திரும்ப வந்து எடுத்துக்க?”

“அம்மா வைக்கல பண்டாஜி. தாத்தா புடுங்கி வச்சாரு.”

சினங்கொண்ட சிங்கமென எழுந்தார் பாகல் துறந்த உமாசங்கர். “பி.எஸ்ஸி. படிச்சுட்டா செத்தவங்களுக்கே வகுப்பெடுப்பியாடி?”

“செத்தவங்களுக்கு இல்ல பெரியப்பா. உங்களுக்கு. பிடிச்சதைத்தான் விடணும்னா நீங்க புகையிலையை விட்டிருக்கணும். அப்பா ஆட்டுக்கறியை விட்டிருக்கணும். கோவைக்காய விட்டா எந்தப் பித்ரு கரையேறுவாரு?”

ஐயகோ, அச்சொல்லம்பு தைத்த இடத்தை என் சொல்வேன். பகைவரைக் கண்ட மறவனின் கை வாளுறையை நாடுவதுபோல, பெரியப்பாவின் வலக்கை தன்னையறியாமல் இடுப்பு மடிப்பிலிருந்த புகையிலை டப்பாவை இறுகப் பற்றியது. கோவை துறந்த ரமாகாந்தோ, தன் பெயரும் ஆட்டுக்கறியும் ஒரே வாக்கியத்தில் வந்த அதிர்ச்சியில், புயலில் பாய்மரம் முறிந்த கலமெனத் தள்ளாடி, “அம்மாகிட்ட கேளு, அவளுக்கு வேணுமான்னு,” என்றார்.

தேவந்தி விரலிடுக்கில் காய்ந்த மாவை உரித்துக்கொண்டிருந்தாள். “எனக்கு ருசியே மறந்துபோச்சு,” என்றாள், யாரையும் பார்க்காமல்.

இதைக் கேட்டு ஆடவர் படை ஆர்ப்பரித்தது. வெற்றி முரசு கொட்டியேவிட்டது என்று அவர்கள் நினைத்தபோது, பல போர் கண்ட பண்டா கோகுல் லால் மகளின் முகத்தைப் பார்த்தார். இவள் லேசில் நகரமாட்டாள். பின்னால் இன்னும் மூன்று குடும்பம் காத்திருக்கிறது. ஆகவே தந்திரங்களில் தலையாயதைத் தொடுத்தார்.

“ஒரு வழி இருக்கு. விட்ட பொருளை அதே வம்சத்துல இன்னொருத்தர் விட்டா, முதல்ல விட்டவங்களுக்கு அது திரும்பிடும்.”

இவ்விதி எந்தச் சுவடியில் உள்ளதென்பது அவருக்கே அக்கணம்வரை தெரியாது. ஆயினும் அதன் ஆற்றலைப் பாருங்கள். தாய்க்காகத் தமையனுக்காக உயிரையும் கொடுப்போம் என்று பந்தி தோறும் சூளுரைக்கும் வீரர் இருவர், ஒரு மாம்பழத்தின் முன் சூறைக்காற்றில் சருகானார்கள்.

“நான் மூத்தவன். எனக்கு ஏற்கெனவே பாகற்காய் இருக்கு,” என்றார் உமாசங்கர். “ஒரு ஆள் எவ்வளவுதான் விடறது?”

“சீசன் இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு,” என்றார் ரமாகாந்த்.

பின்னர் நான்கு கண்களும் ஒரே திசையில் திரும்பின. பண்டா மலர்ந்த முகத்தோடு தர்ப்பையையும் செம்பு நீரையும் ரிம்ஜிம் முன் நீட்டினார். “பொண்ணுன்னா இப்படி இருக்கணும்,” என்று அவள் ஒன்றும் செய்யுமுன்பே பெரியப்பாவின் கண் கசிந்தது. தந்தை மூக்கை உறிஞ்சினார். காவிய மரபும் அதைத்தான் கேட்கிறது: தாயின் துறவை மகள் தாங்க, வானோர் பூமாரி பொழிய, புலவர் பாட்டை மங்களமாக முடிக்கலாம். தாய் மட்டும் சட்டென்று நிமிர்ந்து, அந்தச் செம்பையே பார்த்தாள்.

ரிம்ஜிம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“முடியாது. எனக்கும் மாம்பழம் வேணும்.”

“அப்போ உங்கம்மாவுக்கு?” என்றார் தந்தை, மகளை மடக்கிவிட்ட பெருமிதத்தில்.

“அம்மாவுக்கும் வேணும். யாரும் எதையும் விட வேண்டாம். ஆறு மணலுக்கடியில ஓடட்டும், பெரியப்பா புகையிலை போடட்டும், நீங்க ஆட்டுக்கறி தின்னுங்க. நான் போய் வாங்கிட்டு வரேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பினாள். நடந்தாள். அந்த நடைக்கு உவமை தேடிச் சோர்ந்தோம். மதகளிறு என்றால் மந்தம், மடைவெள்ளம் என்றால் ஊரில் தண்ணீர் இல்லை. “வாசலைத் தாண்டினா உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது,” என்ற தந்தையின் அஸ்திரமும், “படிக்க வச்சதுக்கு இதுதான் பலன்,” என்ற பெரியப்பாவின் அஸ்திரமும் அவள் முதுகில் பட்டுப் பொடியாய் உதிர்ந்தன. அப்போது, மாமியார் வீடு புகுந்த நாள்முதல் கூடத்தில் உரக்க எழுந்தறியாத குரலொன்று ஆலடியினின்று எழுந்தது.

“ரிம்ஜிம். மால்தா பழுத்தாலும் பச்சையாத்தான் இருக்கும், நிறத்தைப் பாத்து விட்டுடாத. காம்புகிட்ட மோந்து பாரு. நிறைய வேண்டாம், நாம ரெண்டு பேர்தான்.”

அக்குரல் கேட்டு விசிறி நிற்க, விழுதுகள் சிலிர்க்க, மணலுக்கடியில் ஒளிந்தோடும் பல்கு நதி ஒருகணம் நின்று செவிசாய்க்க, எண்டிசையும் மாங்கனி வாசம் கமழ்வதாகப் புலவர் மெய்ம்மறக்க, வெற்றித் திருமகள் மாலையோடு வாசலில் காத்திருக்க, ரிம்ஜிம் செருப்பைத் தேடினாள்.

ஒன்றுதான் கிடைத்தது, இன்னொன்றைப் பசுவின் காலடியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு மாம்பழம் வாங்கப் போனாள்.