படுத்து எழுந்தவர் கருத்து

புன்னைமேடு ஊராட்சிக்குச் சடலம் வைக்கும் ஐஸ் பெட்டி ஒன்று தேவைப்பட்டது. தேவை நியாயமானதுதான். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் மஸ்கட்டிலும் மலேசியாவிலும் கனடாவிலும் இருந்தார்கள். பெற்றவர்கள் கோவளத்துக்கும் திருவிடந்தைக்கும் நடுவே கடல்காற்று வாங்கிக்கொண்டு இங்கேயே இறந்துகொண்டிருந்தார்கள். பிள்ளை விமானம் பிடித்து வந்து சேரும்வரை முகம் முகமாக இருக்க வேண்டுமே! ஊராட்சியின் பழைய பெட்டி உப்புக்காற்றில் துருவேறி, கடைசியாக ஒருவரைக் குளிரவைக்கும் முயற்சியில் அவர் பின்னாலேயே தானும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்படிக் கடைசியாகப் படுத்தவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அப்பாசாமியின் மனைவி. கனடாவிலிருந்து மகன் உலகநாதன் வந்து இறங்குவதற்குள் எடுக்க வேண்டியதாகிவிட்டது. அம்மாவைச் சாம்பலாகத்தான் அவன் பார்த்தான். அன்றிலிருந்து அப்பாசாமிக்கு ஒரே கவலை. அவருடைய இதயம் பாதிதான் வேலை செய்கிறது, மீதிப் பாதி பழக்கத்தில் ஓடுகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தன் முகத்தையாவது பையன் பார்க்க வேண்டும். அதனால் நாள் தவறாமல் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து, செயலர் கல்யாணியின் மேசைக்கு எதிரே நின்றார்.

"இன்னா கிளார்க்கம்மா, பொட்டி வந்துச்சா?"

"மேல எழுதியிருக்கேங்க. இன்னும் ஆர்டர் வரல."

"சீக்கிரம் பாரும்மா. ஆர்டர் வாங்கிகினு சாவற மாதிரியா கீது என் ஒடம்பு?"

மேலே என்பது செங்கல்பட்டில் புதிதாகத் தொடங்கப்பட்ட பொதுக்கொள்முதல் கருத்தறி பிரிவு. நாட்டு மக்கள் இணையத்தில் நட்சத்திரம் பார்த்துச் செருப்பு வாங்கும் காலத்தில் அரசு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சாமான் வாங்கலாமா என்ற உயரிய எண்ணத்தில் பிறந்த பிரிவு அது. எந்தப் பொருளை வாங்குவதானாலும் அதை நேரில் பயன்படுத்தியவர்களின் கருத்து இணைக்கப்பட வேண்டும் என்பது அதன் முதல் விதி. இரண்டாவது விதி கிடையாது. முதல் விதியே போதுமானதாக இருந்தது.

பெட்டி செய்யும் கம்பெனியின் இணையப் பக்கத்திலிருந்த கருத்துகளை அச்செடுத்துக்கொண்டு, திருப்போரூர் வழியாக இரண்டு பஸ் மாறி, கல்யாணி செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தாள். கண்காணிப்பாளர் ஜெபகுமார் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய நாற்காலி நாலரை நட்சத்திரம் வாங்கியது. அது அப்படித்தான் உட்காரவைக்கும்.

"நான் ரிவ்யூ பாக்காம பல்பொடி கூட வாங்குறதில்லம்மா" என்றார் அவர். மேசைமீது அவ்வகையில் வாங்கிய ஒழுகும் செம்பு பாட்டிலும், நேரம் பார்க்கும்போது மட்டும் நின்றுவிடும் கைக்கடிகாரமும் இருந்தன. "குடுங்க, படிப்போம்."

படித்தார்.

"'எங்கள் மாமனார் இரண்டு நாள் இருந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. ஐந்து நட்சத்திரம்.' இது செல்லாது. இருந்தது மாமனார், எழுதினது மருமகன். 'டெலிவரி பையன் மரியாதையாகப் பேசினான்.' இது பையனப் பத்தி. 'நண்பருக்குப் பரிசாகக் கொடுத்தேன். இன்னும் உபயோகிக்கவில்லை.' ம்... இவர்கிட்ட கொஞ்ச நாள் கழிச்சுக் கேக்கலாம். ஏம்மா, உள்ள படுத்தவங்க ஒருத்தர்கூட எழுதலியா?"

"அவங்க எழுத முடியாதே சார்."

"ஏன், போன் இல்லியா?"

"உயிர் இல்ல சார்."

ஜெபகுமார் சற்று யோசித்தார். "அது அவங்க சொந்தக் காரணம்மா. அதுக்காக விதியத் தளர்த்த முடியுமா? நாளைக்கு ஒருத்தர் தலைவலின்னு எழுதாம இருப்பார்."

கல்யாணி திரும்பி வந்து அப்பாசாமியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். மாறாக, முகம் மலர்ந்தது. ஓய்வுபெற்றபின் அவருக்கு இருந்த ஒரே தொழில், வாங்கிய பொருளுக்கும் வாங்காத பொருளுக்கும் நட்சத்திரம் போடுவதுதான். மாமல்லபுரம் கடற்கரைக்கு, 'கடல் நன்று, உப்பு அதிகம்' என்று மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்.

"இவ்ளோதானா? நான் படுத்துக் காட்றேன். ரிவ்யூதானே? எழுதிட்டாப் போச்சு."

"என்ன பேசுறீங்க! ஆகாது."

"எப்படியும் படுக்கப்போறவன்தானே? டிரயல் பாக்கறதுல இன்னா தப்பு? சட்டையக் கூடத்தான் போட்டுப் பாத்து வாங்கறான்."

பெட்டி வியாபாரி தர்மராஜ், ஆர்டர் கிடைக்கும் ஆசையில், மாதிரிக்கென்று ஒன்றைக் கொண்டுவந்து அலுவலக வாசலில் இறக்கினார். கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கூடியிருந்த ஜனம் வேட்டிமுனையாலும் முந்தானையாலும் விசிறிக்கொண்டு நிற்க, அப்பாசாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே படுத்தார். மூச்சு முட்டாமல் இருக்கக் கண்ணாடி மூடியை ஒரு சாண் திறந்தே வைத்தார்கள். கால்மணி நேரம் கழித்து எழுந்தவர், ஊட்டிக்குப் போய் வந்தவரைப் போல் இருந்தார். அங்கேயே உட்கார்ந்து எழுதினார்:

'குளிர் நன்று. சத்தம் இல்லை. தலையணை கிடையாது. உயரமானவர்கள் யோசித்துப் படுக்கவும். உள்ளிருந்து பார்த்தால் சுற்றி நிற்பவர்கள் முகம் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நிஜமாக வருத்தப்படுவது யார் என்று கண்டுகொள்ளலாம். நான்கு நட்சத்திரம்.'

"அஞ்சாவே குடுத்திருக்கலாமே?" என்றாள் கல்யாணி.

"அஞ்சு குடுத்தா காசு வாங்கிகினு எழுதினான்னு சொல்வானுங்க."

ஒரு கருத்து போதாது என்று செங்கல்பட்டிலிருந்து பதில் வந்தது. அதற்குள் அந்தக் கவலையே தேவையில்லாமல் போயிருந்தது. மீன் விற்றுவிட்டு வந்த கன்னியம்மா, 'ஊர் வேலையாச்சே' என்று கொஞ்ச நேரம் படுத்தாள். ஷேர் ஆட்டோ குமார் படுத்தார். கரண்ட் போன நேரத்திலும் அலுவலக ஜெனரேட்டரில் பெட்டி ஓடியதால், பிற்பகலில் வாசலில் வரிசை நின்றது. படுத்து எழுந்த ஒவ்வொருவரும் கருத்து எழுதினார்கள். 'கண்ணை மூடியதுதான் தெரியும்.' 'குடும்பத்தோடு படுக்க வசதியில்லை.' 'மீண்டும் வருவேன்.'

இவ்வளவு மகிழ்ச்சியான கருத்துகளை அந்தப் பிரிவு அதுவரை கண்டதில்லை. உடனே பெட்டிக்கு அனுமதி வந்தது. கூடவே ஒரு குறிப்பும் வந்தது. கருத்துரைத்த பயனாளிகள் அனைவரும் உயிருடன் இருப்பதாகத் தெரியவருவதால், மேற்படி பொருள் 'கோடைகாலப் பொதுமக்கள் இளைப்பாறு வசதி' என வகைமாற்றம் செய்யப்படுகிறது. டோக்கன் முறையில் இயக்கப்பட வேண்டும். வெளியே வரும் ஒவ்வொருவரும் கருத்துத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க இயலாதவர்களை அனுமதிக்கலாகாது.

கல்யாணி அதை இரண்டு தடவை படித்தாள். "இதுல செத்தவங்களை வைக்கக் கூடாதாம்" என்றாள்.

"பொட்டி வந்துச்சில்ல? அது போதும்" என்றார் அப்பாசாமி. "நம்ம ஜனம் நேரம் வந்தா வுட்டுக்குடுக்கும். நான் பாக்காத ஜனமா?"

ஐந்தாம் நாள் உச்சி வெயிலில் அந்த நேரம் வந்தது. சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உலகநாதனுக்குப் போன் போனது. நாளை மறுநாள் காலையில்தான் வந்து இறங்க முடியும் என்று அழுதான். "அப்பா முகத்தையாவது..." என்றான்.

"நீங்க வாங்க தம்பி. பெட்டி இருக்கு" என்றாள் கல்யாணி.

பெட்டி இருந்தது. பெட்டிக்குள் குமார் இருந்தார்.

"குமாரு, எழுந்திரிங்க. அப்பாசாமி தவறிட்டாரு."

"ஐயையோ! எப்போ?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இப்பத்தான்."

"தங்கமான மனுசன்மா. அந்த மாதிரி ஆளு இனிமே வராது." குமார் துக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். "எனுக்கு இன்னும் அஞ்சு நிமிசம் கீது."

வரிசையில் நின்றவர்களும் வருந்தினார்கள். வருந்திக்கொண்டே டோக்கனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"பெரியவரு டோக்கன் வாங்கினாரா?" என்று ஒருவர் மரியாதையாகவே கேட்டார்.

"யோவ், அறிவு கீதா உனுக்கு? பொணம் வந்து டோக்கன் வாங்குமா?" என்று கன்னியம்மா பாய்ந்தாள்.

"இல்லக்கா, ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அவரு கண்டக்டராச்சே. வரிசைன்னா அவருக்கே தெரியுமே."

"அதுக்கு? வையிங்க மொதல்ல அவர" என்றாள் கன்னியம்மா. பிறகு குரலைத் தாழ்த்திக் கல்யாணியிடம், "குமாருக்கு அடுத்து என் நம்பரு. நான் போயிட்டு வந்துடறேன், அப்பறம் வெச்சிக்க" என்றாள்.

கல்யாணி செங்கல்பட்டுக்குப் போன் செய்தாள்.

"சார், மொதல்ல நீங்க கேட்டீங்களே, அந்த மாதிரி பயனாளி ஒருத்தர் கெடச்சிருக்கார். ரெண்டு நாள் முழுசாப் பயன்படுத்தப்போறார்."

"அப்படியா!" ஜெபகுமாரின் குரலில் உற்சாகம். "கருத்துச் சொல்லுவாரா?"

"வெளிய வந்ததும் வாங்கி அனுப்புறேன் சார்."

"நல்லது. விரிவா எழுதச் சொல்லுங்க. தமிழ்லயே எழுதலாம்."

கல்யாணி உள்ளே போய்ச் சுவிட்சை அணைத்தாள். சற்று நேரத்தில் கண்ணாடிக்குள் குமாருக்கு வியர்த்தது. கரண்டைத் திட்டிக்கொண்டே எழுந்து வெளியே வந்தார். அடுத்தவர் ஏறுவதற்குள், வீட்டிலிருந்து தூக்கிவந்த ஆட்களைக் கொண்டு அப்பாசாமியை ஏற்றிப் பூட்டிவிட்டு, சுவிட்சைப் போட்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இரண்டு நாளும் அவள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரவில்லை. 'இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?' என்று வந்து எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம், "அவர் எழுந்ததும் சொல்றேன்" என்று பதில் சொன்னாள்.

உலகநாதன் வந்தான். கண்ணாடிமேல் விழுந்து, "தூங்கற மாதிரியே இருக்கியேப்பா" என்று கதறினான். அம்மாவுக்கும் சேர்த்து அழுதான். சுற்றி நின்றவர்களும் அழுதார்கள். குமார்தான் பாடையின் முன்பக்கம் தோள்கொடுத்தார். கன்னியம்மா சுடுகாட்டுப் பாதை திரும்பும்வரை மாரடித்துக்கொண்டே வந்தாள். இந்த ஊரைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டோமே என்று கல்யாணிக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை செங்கல்பட்டிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. புன்னைமேடு இளைப்பாறு வசதியின் தரம் இரண்டே நாளில் நாலே முக்காலிலிருந்து இரண்டரைக்கு இறங்கியது ஏன்?

கல்யாணி போனில் அந்த வசதியின் கருத்துப் பக்கத்தைத் திறந்தாள். 'இரண்டு நாள் மூடியிருந்தது. முன்னறிவிப்பு இல்லை. ஒரு நட்சத்திரம்.' எழுதியவர் குமார். 'ஒரே ஆள் எவ்வளவு நேரம் படுப்பது? கேள்வி கேட்பார் இல்லை.' இது வரிசையில் மரியாதையாகக் கேட்டவர். 'என் டோக்கன் வீணாகிவிட்டது. அந்த மனிதர் மிக நல்லவர். ஒரு நட்சத்திரம்.' இது கன்னியம்மா. பேசிப் பதிந்திருக்க வேண்டும், நடுவில் ஒரு விம்மலும் எழுத்தாக விழுந்திருந்தது. நேற்றுப் பாடைக்குப் பின்னால் நடந்தவர்கள் ஒருவர் விடாமல் அங்கே இருந்தார்கள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒன்று வந்து மேலே உட்கார்ந்தது. உலகநாதன். விமானநிலையம் போகும் வழியில் எழுதியிருந்தான்.

'அப்பாவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. கார் நிறுத்த இடம் இல்லை. மூன்று நட்சத்திரம்.'

அதன் கீழே, இந்தக் கருத்து உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா என்று போன் கேட்டது. கல்யாணி யோசித்தாள். வாசலில் அவளுடைய ஸ்கூட்டியும் வழக்கம்போல வெயிலில்தான் நின்றுகொண்டிருந்தது. 'ஆம்' என்பதை அழுத்தினாள்.